பார்க்கிங் சென்சர் ஓயாமல் கத்துகிறதா? வயரை வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், நானுஓயாவை அண்டியதும் வாகன வரிசை நின்று நின்று ஊரத் தொடங்கும்போது, காருக்குள் இருப்பவர்களை மழையை விட அதிகமாகச் சோர்வடையச் செய்வது பார்க்கிங் சென்சரின் சத்தம்தான். இடப்புறம் ஒரு முச்சக்கர வண்டி உரசுவது போல வந்தால் ஒரு தடவை, முன்னால் நிற்கும் பஸ் எயார் பிரேக் காற்றை விடும்போது ஒரு தடவை, பம்பரில் வழியும் மழைநீருக்காக இன்னொரு தடவை என்று அது கத்திக்கொண்டே இருக்கும். பின் ஆசனத்தில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். ஓட்டுபவரின் கவனமும் சிதறிவிடும்.

இந்தச் சத்தத்தை நிறுத்த முடியும். பெரும்பாலான கார்களில் ஒரு சதமும் செலவில்லாமல் நிறுத்த முடியும். ஆனால் எதை நிறுத்துகிறோம் என்று தெரிந்துகொண்டு நிறுத்த வேண்டும் என்பதை எங்கள் குடும்பம் பட்டுத்தான் அறிந்துகொண்டது. என் தங்கையின் காருக்கு இந்த வேலையை ஒரு கராஜில் செய்து கொடுத்தார்கள். டிக்கிக்குள் இருந்த வயர்களில் ஒன்றைத் தேடிப்பிடித்து வெட்டினார்கள், சத்தம் நின்றது. அதே வயரில்தான் ரிவர்ஸ் லைட்டுக்கும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது என்பது அன்றிரவு பனிமூட்டத்தில்தான் தெரிந்தது. லயத்துக்குத் திரும்பும் முடக்கில் மச்சான் காரைப் பின்னுக்கு எடுத்தபோது பின்பக்க இடது சக்கரம் கானுக்குள் இறங்கி, பம்பர் கல்லில் மோதிப் பிளந்தது. காரைத் தூக்கி எடுக்க லயத்து ஆட்கள் எட்டுப் பேர் வர வேண்டியிருந்தது. சென்சர் உயிரோடு இருந்திருந்தாலும் அந்தக் கானைக் காட்டியிருக்காது. ரிவர்ஸ் லைட் காட்டியிருக்கும்.

சென்சர் எதைக் காணும், எதைக் காணாது என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே எளிதாகிவிடும். பம்பரில் ஐந்து ரூபா நாணயமளவில் தெரியும் அந்த வட்டத்துக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அது மனிதக் காதுக்கு எட்டாத, பொதுவாக 40 கிலோஹேர்ட்ஸ் அளவில் அல்லது அதற்குச் சற்று மேலே உள்ள ஒலியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, எதிரொலி திரும்பி வர எடுக்கும் நேரத்தை அளக்கிறது. நமது மலைநாட்டுக் குளிரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் பயணம் செய்வதால், ஒரு மீற்றர் தூரத்தில் உள்ள சுவரில் பட்டு அது திரும்பி வர ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு போதும். நேரம் குறையக் குறைய பீப் சத்தம் நெருக்கமாகி, ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்குள் வந்ததும் தொடர்ச்சத்தமாக மாறிவிடும். இதற்கு மேல் அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. எதிரொலி வந்தால் கத்தும், வராவிட்டால் பேசாமல் இருக்கும். தேயிலைச் செடியின் கிளைக்கும் ஒரு குழந்தைக்கும் உள்ள வேறுபாடு அதற்குப் புலப்படாது.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் சென்சர் உள்ளதைச் சொல்லிக் கத்துகிறதா, இல்லாததைச் சொல்லிக் கத்துகிறதா என்பதுதான். உள்ளதைச் சொல்லி அது தொல்லை தருகிறது என்றால் அதை அடக்கி வைக்கலாம். இல்லாததைச் சொல்கிறது என்றால் அது பழுது. அந்தப் பழுதைத் திருத்தினாலே சத்தம் நின்றுவிடும், அணைக்க வேண்டிய தேவையே இராது.

பழுதில் மிகவும் சாதாரணமானது அழுக்கு. கார் தோட்டத்து மண் வீதியில் ஒரு வாரம் ஓடினால் பின் பம்பரில் செம்மண் பூச்சாகப் படிந்து காய்ந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரும் மிருதுவான துணியும் போதும்; துணியை நனைத்து ஒவ்வொரு வட்டத்தின் மேலும் சிறிது நேரம் வைத்து, மண் ஊறியதும் சுரண்டாமல் துடைத்தெடுக்க வேண்டும். வட்டத்துக்கும் பம்பருக்கும் நடுவே மயிரிழை போன்ற ஓர் இடைவெளி இருக்கும். மண் முக்கியமாக அடைந்துகொள்வது அங்கேதான், ஆகவே பழைய பல் தூரிகையால் அந்த ஓரத்தைச் சுற்றி எடுங்கள். சேர்விஸ் நிலையத்தில் உயர் அழுத்தத் தண்ணீரை நேரே சென்சரின் மேல் பாய்ச்ச விடாதீர்கள். தண்ணீர் பின்பக்கமுள்ள இணைப்புக்குள் புகுந்து பச்சை பிடித்துவிட்டால், மழை நாளில் மட்டும் கத்துகிற, வெயில் நாளில் எந்தக் கராஜிலும் பிடிபடாத அந்தக் கோளாறு தொடங்கிவிடும்.

அடுத்து, காரைச் சுற்றிப் பாருங்கள். வளைந்து தொங்கும் இலக்கத்தகடு, பின்னால் பொருத்திய இரும்புக் கம்பி, சைக்கிள் தாங்கி ஆகியவை சென்சரின் பார்வைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் ரிவர்ஸ் போட்ட நொடியிலேயே தொடர்ச்சத்தம் வரும். மரக்கறி மூட்டைகளை டிக்கியில் அடுக்கினால் காரின் பின்பகுதி தாழ்ந்து சென்சர் நிலத்தைப் பார்க்கத் தொடங்கும். மூட்டைகளை இறக்கியதும் சத்தம் நின்றுவிட்டால் சென்சரில் குற்றமில்லை. மலைநாட்டில் இதே காரணம் இன்னொரு வடிவிலும் வரும்: சமமான முற்றத்திலிருந்து பின்னோக்கி ஏற்றத்தில் ஏறும்போது, பின்னால் உயர்ந்து வரும் வீதியையே அது ஒரு சுவராகக் கணக்கிட்டுக் கத்தும். அதற்குத் திருத்தம் எதுவும் இல்லை, வேலையும் தேவையில்லை. உயரமான புல், சரளைக்கல், கனமழை, பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் எஞ்சின், லொறியின் எயார் பிரேக் ஆகியவையும் இப்படிப் பொய் எதிரொலியைத் தருபவையே. பம்பருக்கு மறுவர்ணம் பூசியபோது சென்சரின் முகத்திலும் தடிப்பாக வர்ணம் அடித்திருந்தால் அதுவும் தகட்டின் துடிப்பைக் கெடுக்கும்.

துடைத்த பிறகும் நிற்காவிட்டால் எந்தச் சென்சர் கெட்டது என்று விரலாலேயே கண்டுபிடிக்கலாம். உயிருள்ள சென்சரின் மேல் விரல் நுனியை மெதுவாக வைத்தால் கைக்கடிகாரத்தின் துடிப்பைப் போல ஒரு மெல்லிய டிக் டிக் அதிர்வு தெரியும். காதை அருகில் கொண்டுபோனால் கேட்கவும் செய்யும். நான்கில் ஒன்று மட்டும் சவமாக இருந்தால் அதுதான் குற்றவாளி. இந்தச் சோதனையைச் சமதரையில் மட்டும் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிடுங்கள். மனுவல் கியர் கார் என்றால் எஞ்சினை இயக்காமல் சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி ரிவர்ஸ் கியரைப் போட்டாலே போதும். ஹைபிரிட் கார்களில் அப்படிச் செய்ய முடியாது. காரை இயக்க நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ரிவர்ஸ் விழும், அந்நிலையில் எஞ்சின் ஓசை இல்லாவிட்டாலும் கார் நகரத் தயாராகவே இருக்கும். எனவே வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க, நீங்கள் காருக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று கையை நீட்டித் தொட வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறக்கப்பட்டது. அதனால் நம்மிடையே ஓடும் கார்களில் பெரும்பகுதி வயதானவை; அவற்றின் சென்சர்களும் அவ்வளவு வயதானவையே. ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். தொழிற்சாலையில் பொருத்தி வந்த சென்சர் என்றால் பழையதைக் கழற்றி அதன் முதுகில் உள்ள பாக இலக்கத்தைக் கடைக்காரரிடம் காட்டி அதே இலக்கத்தில் வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது வேலையில் ஒன்றாக இருப்பதில்லை.

இனி, பழுதில்லாத சென்சரை அடக்கும் வழிக்கு வருவோம்.

வரிசையில் நிற்கும்போது மட்டும்தான் தொல்லை என்றால், ஓட்டோ கியர் காரில் பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு கியரைப் பார்க்கிங் நிலைக்குத் தள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் சென்சர் உடனே ஓய்ந்துவிடும். பல டொயோட்டா கார்களில் முன்பக்க மூலைச் சென்சர்கள் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்குக் குறைவான வேகத்தில்தான் வேலை செய்யும், ஆகவே வரிசை ஓடத் தொடங்கினால் சத்தமும் தானாகவே போய்விடும்.

தற்காலிகமாக முழுவதும் அணைக்க, டாஷ்போர்டில் ஸ்டியரிங்கின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியிலும் கியர் தண்டைச் சுற்றியும் ஒரு பொத்தானைத் தேடுங்கள். ஆங்கில ‘P’ எழுத்தும் அலை வளைவுகளும், அல்லது ஒரு காரின் மூலையிலிருந்து அலைகள் புறப்படும் படமும் அதில் இருக்கும். பொத்தானில் உள்ள சிறு விளக்கு எரிந்தால் இயங்குகிறது என்று சில கார்களிலும், அணைக்கப்பட்டுள்ளது என்று வேறு சில கார்களிலும் பொருள்படும். ஒரு சுவரின் அருகில் வைத்து ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமில்லை.

பொத்தான் இல்லாத கார்களில் இந்த வசதி மீற்றர் திரையின் அமைப்புகளுக்குள் இருக்கும். ஸ்டியரிங்கில் உள்ள அம்புக்குறி விசைகளால் பற்சக்கரப் படம் உள்ள பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே அணைக்கும் தெரிவுடன் சத்தத்தின் அளவை மாற்றும் தெரிவும் பல மொடல்களில் உண்டு. என் கருத்தில் இதுதான் மிகச் சிறந்த தீர்வு: மூன்று படிகளில் மிகக் குறைந்த படியை வைத்துவிட்டால் காதைக் குடையாது, எச்சரிக்கையும் அற்றுப்போகாது. ஜப்பானிலிருந்து நேரே வந்த காரில் திரை முழுவதும் ஜப்பானிய மொழியில் இருப்பதால் பலர் அதைத் தொடவே அஞ்சுகிறார்கள். கைப்பேசிக் கெமராவைக் காட்டினால் எழுத்தை மொழிபெயர்க்கும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். டொயோட்டாவில் ‘கிளியரன்ஸ் சோனார்’ என்று வருவதுதான் நீங்கள் தேடும் சொல். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், தவறுதலாக வேறெதையாவது மாற்றிவிட்டாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். புதிய சில மொடல்களில் எச்சரிக்கை ஒலிக்கும்போதே ஸ்டியரிங்கில் உள்ள விசையை அழுத்தி அந்த ஒரு தடவைக்கு மட்டும் வாயடைக்கவும் முடியும். கியரை மாற்றியதும் ஒலி திரும்பிவிடும்.

இங்கே ஒரு விடயத்தில் நிதானம் தேவை. சில கார்களில் இதே சென்சர்களைக் கொண்டு, மோதப் போகும்போது கார் தானாக பிரேக் பிடிக்கும் வசதியும் இயங்குகிறது. அமைப்புகளில் அது தனித் தெரிவாக இருக்கும். சத்தம்தான் உங்கள் தொல்லை என்றால் அந்தத் தெரிவைத் தொடாதீர்கள்.

காருக்குப் பின்னால் எதுவுமே இல்லாத வெட்டவெளியிலும் ரிவர்ஸ் போட்டவுடன் உள்ளே ஒரே சீராக பீப், பீப் என்று ஒலித்து, தூரத்தைப் பொறுத்து மாறாமலே இருந்தால் அது சென்சரே அல்ல. கியர் ரிவர்ஸில் இருக்கிறது என்று ஓட்டுபவருக்கு நினைவூட்டும் ஒலி அது. பிரியஸ், அக்வா போன்றவற்றில் இது வழமை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸ்களில் இதை வீட்டிலேயே மாற்றலாம். காரை இயக்கி, திரையில் மொத்தத் தூரம் தெரியும்வரை ஓடோ பொத்தானை அழுத்தி, காரை அணைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். ஆறு வினாடிகளுக்குள் அதே பொத்தானை அழுத்திப் பிடித்து, பத்து வினாடிகள் கழிந்ததும் கையை எடுக்காமலே கியரை ரிவர்ஸுக்கும் பின்னர் பார்க்கிங்குக்கும் கொண்டுவந்தால், தூரம் காட்டும் இடத்தில் ஆங்கில ‘b’ எழுத்துடன் ஓன் என்று தெரியும். பொத்தானை ஒரு தடவை அழுத்தி அதை ஓஃப் ஆக்கி காரை அணைத்தால் வேலை முடிந்தது. இவ்வளவையும் பிரேக்கை மிதித்தபடியே, பின்னால் யாரும் இல்லாத சமதரையில் செய்ய வேண்டும். இந்த ஒலியை நிறுத்துவதால் பார்க்கிங் சென்சர் பாதிக்கப்படாது.

கடையில் வாங்கிப் பொருத்திய சென்சர்களே நம்மூரில் அதிகத் தொல்லை தருபவை. அவற்றில் பொத்தானும் இல்லை, அமைப்புப் பக்கமும் இல்லை. நான்கு சென்சர்களின் வயர்கள் பம்பரிலிருந்து டிக்கிக்குள் வந்து, பக்கவாட்டு உறைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு சிறு கறுப்புப் பெட்டியில் சேரும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் ரிவர்ஸ் லைட்டிலிருந்து ஒரு சிவப்பு வயரில் வரும், கறுப்பு வயர் காரின் உடலோடு சேரும். ஒலி எழுப்பும் பஸர் தனியாக, தீப்பெட்டியளவில் அதே பெட்டியில் குத்தப்பட்டிருக்கும்.

முதலில் அந்தப் பஸரைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிலவற்றின் விளிம்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு ஒன்று நகத்தால் தள்ளும் அளவுக்குச் சிறிதாக இருக்கும். பொருத்தியவர் அதை உச்சத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார். நெம்பு இல்லாவிட்டால், பஸரின் முகத்தில் உள்ள துளையின் மேல் வயரிங் டேப்பை ஒரு சுற்று ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் பெரும்பாலும் அது காதுக்கு இதமான அளவுக்கு இறங்கிவிடும். தூரத்தைக் காட்டும் சிறு திரை உங்கள் காரில் இருந்தால் பஸரின் செருகியையே கழற்றிவிடலாம். எண்கள் தொடர்ந்து தெரியும். கழற்றிய செருகியை எறிந்துவிடாமல் டேப் சுற்றி அங்கேயே கட்டி வையுங்கள்.

வேண்டும்போது போடவும் வேண்டாதபோது அணைக்கவும் ஒரு சுவிட்ச் வைப்பது இதை விட நல்லது. அதற்குரிய இடம் கறுப்புப் பெட்டிக்குள் நுழையும் சிவப்பு வயர். ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் வயரிலிருந்து சென்சருக்கென்று பிரிந்த பிறகு, அந்தக் கிளையில் மட்டும் சுவிட்சைப் பொருத்தினால் சென்சர் அணையும், லைட் எரியும். என் தங்கையின் காரில் பிரிவதற்கு முன்னால் வெட்டியதுதான் பிழை. கராஜ் பாஸிடம் வேலையை ஒப்படைத்தாலும், காரை எடுக்கும் முன் ரிவர்ஸ் போட்டு இரண்டு லைட்டும் எரிகின்றனவா என்று நீங்களே இறங்கிப் பாருங்கள். இதே காரணத்துக்காக ரிவர்ஸ் லைட்டின் பியூஸைப் பிடுங்கும் யோசனையும் வேண்டாம்.

டிக்கி உறையைக் கழற்றும்போது மஞ்சள் உறையிட்ட வயர் கண்ணில் பட்டால் அது எயார் பேக்குக்குரியது. ஆரஞ்சு நிறம் என்றால் ஹைபிரிட் பற்றரியின் உயர் மின்னழுத்தம். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் அந்தப் பற்றரி பின் ஆசனத்துக்குப் பின்னால் டிக்கியை ஒட்டியே இருக்கிறது; அதன் மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும், அது உயிரைப் பறிக்கக்கூடியது. இந்த இரண்டு நிறங்களில் எது இருந்தாலும் அங்கே கை வைக்காமல், ஹைபிரிட் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சுவிட்ச் வந்த பிறகு எப்போது அணைக்கலாம் என்பது உங்கள் வீதியைப் பொறுத்தது. நெரிசலில், புல் மண்டிய தோட்டத்துப் பாதையில், கனமழையில் அணைத்து வைப்பதில் தவறில்லை. லயத்து முற்றத்திலும், பாடசாலை வாசலிலும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அருகிலும் பின்னுக்கு எடுக்கும்போது கட்டாயம் போடுங்கள். குனிந்து விளையாடும் குழந்தை பின்கண்ணாடியில் தெரியாது, சென்சருக்கு அது எட்ட வாய்ப்புண்டு. வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும், ஏனெனில் தடித்த கம்பளி உடை ஒலியை உறிஞ்சிவிடும். முள்வேலிக் கம்பி, மெல்லிய கொடிக்கயிறு, பம்பரை விடத் தாழ்ந்த கல் ஆகியவையும் தப்பிவிடும். கானும் பள்ளமும் சரிவின் விளிம்பும் எதிரொலியே தராதவை. றம்பொடையிலோ ஹப்புத்தளையிலோ வீதியோரத்தில் காரைத் திருப்பும்போது சென்சர் பேசாமல் இருந்தால், பின்னால் தடை எதுவும் அதற்கு எட்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். நிலம் இருக்கிறது என்பதற்கு அது உறுதியல்ல. அப்படிப்பட்ட இடத்தில் கூட வந்தவரை இறக்கி, ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வைத்துக் கைகாட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சிறிய வேலை இருக்கிறது. சுவிட்சின் பக்கத்தில் ‘பார்க்கிங் சென்சர்: மேலே ஓன், கீழே ஓஃப்’ என்று எழுதிய ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, தண்ணீர் படாமல் அதன் மேல் செலோடேப் போட்டுவிடுங்கள். நாளைக்கு உங்கள் காரைத் தம்பியோ மகளோ எடுத்துச் செல்லும்போது, சத்தம் வராததைப் பார்த்துப் பின்னால் ஒன்றுமில்லை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.